முந்திப் போன பை

மண். ஈர மண். அதற்குள் எங்கோ ஒரு துளி இனிப்பு.

ஜான்-டலோன் சந்தையில், ஒக்டோபர் மழை ஓய்ந்த ஒரு காலையில், கடைக்காரர் ஒருவர் கழுவாத பீற்றூட்டைப் பெட்டியோடு பலகையில் கவிழ்த்தார். அந்த மணம் எழும்பி என் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் வெங்காயத்தாள் வாங்கப் போனவள். அதை மறந்து அந்தக் குவியலுக்கு முன்னால் நின்றேன். "மடாம்?" என்றார் கடைக்காரர். "பொஞ்சூர்" என்றேன். ஒரு கிழங்கை எடுத்து முகர்ந்து பார்த்தேன்.

பக்கத்தில் என் சிநேகிதி. அவளும் என்னைப்போல ஜேர்மனி வழியாக மொன்றியலுக்கு வந்தவள். மூக்கைச் சுருக்கினாள். "எடியே, ஜேர்மனியிலை எண்டால் இப்பிடி மண்ணோடை விப்பாங்களோ? அங்கை எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு. ரயில் எப்பிடி ஓடினது! மணிக்கூட்டை அதைப் பாத்தெல்லோ திருத்தலாம்."

இதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், என் வயதுக்காரர்களே. அங்கே ஒரு சின்ன நகரத்தில் நாலைந்து குளிர்காலம் இருந்துவிட்டு, இங்கே தலை நரைக்கும்வரை அந்த ரயிலைப் பற்றியே கதைக்கிறீர்கள். கலியாண வீட்டில் கதைக்கிறீர்கள், செத்த வீட்டிலும் கதைக்கிறீர்கள். பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் போதும், "ஜேர்மனியிலை எண்டால்" தொடங்கிவிடும். அந்த நேரம் தவறாத ரயில் எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பீற்றூட் என்னைச் சும்மா விடாது போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அந்த நகரத்தின் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்தேன். நகரத்துக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் 'பொருளாதாரமும் போக்குவரத்தும்' என்று ஒரு பந்தி. அதிவேகச் சாலை அருகில். கால்வாயில் துறைமுகம். ரயில் பாதை, மணிக்கொரு வண்டி, சந்தியில் மாறினால் எல்லாப் பெரிய நகரங்களுக்கும் இணைப்பு. மிகச் சிறந்த இணைப்பு என்று எழுதியிருக்கிறார்கள். நான் கணினியை மூடினேன். திறந்தேன். திரும்ப மூடினேன். யாருக்கு இணைப்பு? எதனோடு இணைப்பு?

நாங்கள் இருந்த வீட்டின் குசினி யன்னலில் நின்றால் மூன்றும் தெரியும். தூரத்தில் மேட்டில் அதிவேகச் சாலை. அதற்கு இப்பால் கால்வாய், அதில் மணல் ஏற்றிக்கொண்டு தூங்கியபடி போகும் படகுகள். இன்னும் கிட்ட, தண்டவாளம். புதுக் கார்களை இரண்டு தட்டாக அடுக்கிக்கொண்டு சரக்கு ரயில்கள் போகும். கண்ணாடி அதிரும். பெருநகர ரயில்கள் ஒரு வெள்ளைக் கீறலாகப் போகும், நிற்கா. எல்லாம் எங்கள் நகரத்தின் வழியாகத்தான் போயின. எதுவும் எங்களுக்காக நிற்கவில்லை. நின்றது ஒரேயொரு சிவப்பு ரயில், இரண்டு பெட்டி, மணிக்கொரு தடவை.

நகரத்துக்குச் சோறு போட்டது சீனித் தொழிற்சாலை. அங்கே சீனி கரும்பில் வருவதில்லை. பீற்றூட்டில் வரும். நாங்கள் சமைக்கிற சிவப்புப் பீற்றூட் அல்ல, வெள்ளையாக, அவலட்சணமாக, குழந்தையின் தலையளவு பருத்த கிழங்கு. இலையுதிர் காலம் தொடங்கினால் உழவு யந்திரங்கள் வண்டி வண்டியாக அதை இழுத்துவரும். தெரு முழுக்கச் சேறு. ஆலையின் குழாய் ஒரு நிமிடம் ஓயாமல் வெள்ளைப் புகை விடும். மணமோ, யாரோ மண்ணை அவித்து அதற்குள் சீனியைக் கொட்டியது மாதிரி. உடுப்பில், தலைமயிரில், அம்மாவின் தேங்காய்ப்பால் சொதியில்கூட அந்த மணம். டிசம்பரில் நத்தார் வந்ததும் கிழங்கு முடியும், புகை முடியும், வேலையும் முடியும்.

அந்த ஒரு பருவத்து வேலைதான் மாமாவுக்கு. அம்மாவின் தம்பி. எங்களோடு இரண்டு அறை வீட்டில் இருந்தார். ஆலை முற்றத்தில் நின்று, பெரிய குழாயால் தண்ணீர் அடித்து, கிழங்கை ஆலைக்குள் ஓடும் வாய்க்காலில் தள்ளிவிடுவது அவர் வேலை. வீட்டுக்கு வந்தால் புருவத்திலும் மண் இருக்கும். ஆனால் மாமாவின் மனம் கிழங்கில் இல்லை. ரயிலில்.

ஊரில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். அந்தத் தண்டவாளத்தைப் போர்க்காலத்தில் கிளப்பிக்கொண்டுபோய்ப் பதுங்குகுழிக்குக் கூரை போட்டார்கள். சிலிப்பர் கட்டைகளைத் தோளில் சுமந்தவர்களில் மாமாவும் ஒருவர். அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை. ஆனால் வேலை இல்லாத பொழுதெல்லாம் நிலையத்துக்குப் போய் நிற்பார். என்னையும் கூட்டிப்போவார். நிலைய வாசலில் ஒரு பெரிய பலகை. அதில் எங்கள் நகரம் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அதிலிருந்து நாலாபுறமும் கோடுகள், சின்னப் பிள்ளை கீறிய சூரியன் மாதிரி.

"பாத்தியே பிள்ளை, நாங்கள் நடுவிலை இருக்கிறம்" என்பார் மாமா.

அப்பாவுக்கு அந்தப் பலகையைக் கண்ணில் காட்டக்கூடாது. "எல்லாப் பக்கமும் போகலாம் எண்டு போட்டிருக்கிறாங்கள். நாங்கள் எந்தப் பக்கம் போகலாம் எண்டு போடேல்லை." உண்மைதான். எங்கள் விசா மாவட்ட எல்லையோடு முடிந்தது. அதைத் தாண்டுவதற்கு அனுமதி கேட்க வேண்டும். நடுவில் இருந்த புள்ளி நாங்கள், கோடுகளெல்லாம் மற்றவர்களுக்கு.

அப்படியிருக்க ஒரு நாள் மாமாவுக்குக் கடிதம் வந்தது. சந்தியில் ரயில் மாறினால் அடுத்த மாவட்டத்தில் ஒரு பட்டறை. பழுதான சரக்கு ரயில் பெட்டிகளைத் திருத்துகிற இடம். ஆள் எடுக்கிறார்களாம், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வரட்டாம். பருவ வேலை அல்ல, நிரந்தர வேலை. நிரந்தர வேலை கிடைத்தால் மாமாவின் விசா நீளும். கிடைக்காவிட்டால் கிழங்கு முடிந்த கையோடு விசாவும் முடியும். எனக்கே அது விளங்கியது. மாவட்டம் தாண்ட அந்த ஒரு நாளுக்கு மட்டும் அனுமதியும் கிடைத்தது. எட்டேகால் ரயிலைப் பிடித்தால் சரியாகப் போய்ச் சேரலாம். அதை விட்டால் அடுத்தது ஒன்பதேகால். போய்ச் சேர எல்லாம் முடிந்திருக்கும்.

இனித்தான் எனக்கு எரிச்சல் தொடங்குகிறது. இத்தனை வருடமாக அது ஆறவில்லை.

குசினிச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. யாழ்ப்பாணத்தில் அடித்தது, கொழும்பு வழியாக யாரோ கொண்டுவந்து தந்தது. அப்பா அதற்கு முன்னால் போய் நின்றார். விரலை வைத்தார்.

"தம்பி, திங்கள் ஏழரையிலையிருந்து ஒன்பது மட்டும் ராகுகாலம். எட்டு மணிக்கு வெளிக்கிடேலாது."

மாமா முதலில் பகிடி என்றுதான் நினைத்தார். "அத்தான், ஜேர்மன்காரன் ராகுவைப் பாத்தோ ரயில் விடுறான்?"

"அவன் பாக்காட்டி நாங்கள் பாக்க வேணும்."

"உது யாழ்ப்பாணத்து ராகு. இங்கை எட்டு மணி எண்டால் அங்கை மத்தியானம் தாண்டிப்போகும். அங்கை ராகு வந்து, போய், கைகால் கழுவிச் சாப்பாட்டுக்கும் இருந்திடும்."

அம்மா சிரிப்பை அடக்கப் பானைக்குள் தலையை விட்டாள். அப்பா சிரிக்கவில்லை.

"நேரம் நேரம்தான். எந்த நாட்டிலையும்."

"இங்கை ஏழரைக்குச் சூரியனே சரியா எழும்பேல்லை, அத்தான். சூரியன் வராமல் ராகு ஆரை விழுங்கப் போகுது?"

"நீ கதைக்கிறதெல்லாம் கதை. ராகுகாலத்திலை இந்த வீட்டுப் படியாலை ஒருத்தரும் இறங்கேலாது. அவ்வளவுதான்."

"அப்ப ஏழு மணிக்கே இறங்கிப் போய் ஸ்ரேசனிலை நிக்கிறன்."

மாமா அப்படிச் செய்திருக்கலாம். ஒரு மணித்தியாலம் முன்னதாகப் போய்க் குளிரில் நின்றிருக்கலாம். இவ்வளவும் நடந்திராது. ஆனால் அப்பா அதற்கும் நாட்காட்டியைப் பார்த்தார். ராகுவுக்கு முன்னால் எமகண்டமோ என்னவோ, இன்னொன்று குறுக்கே நின்றது. அப்பாவிடம் எப்போதும் இன்னொன்று இருக்கும். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"ஞாயிறு ரண்டு மணிக்கு நல்ல நேரம் இருக்கு. அப்பவே பயணத்தை வெளிக்கிட்டு வைப்பம். உன்ரை பையைப் படிக்கு வெளியிலை வைச்சால் நீ வெளிக்கிட்ட மாதிரித்தான். பேந்து நீ எந்த நேரம் போனாலும் குற்றமில்லை."

நீங்கள் சிரிப்பீர்கள். உங்கள் வீடுகளிலும் இதைச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நல்ல நேரத்தில் பயணக்காரரின் ஒரு பொருளை வாசலைத் தாண்டி வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஊரில் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். பக்கத்து வீட்டுக்கும் அது என்னவென்று தெரியும். இங்கே?

மாமா சமாதானத்துக்காகத் தலையாட்டினார். அதில் எனக்கு அவர்மேலும் கோபம். ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நீலப் பை. அதற்குள் அவருடைய சான்றிதழ்கள், அனுமதி, புதுச் சப்பாத்து, பக்கப் பொக்கற்றில் ரயில் ரிக்கற். அப்பா பிள்ளையார் படத்துக்கு முன்னால் கற்பூரம் காட்டிவிட்டு, இரண்டு கையாலும் பையைத் தூக்கி, எங்கள் கதவுக்கு வெளியே மாடிப்படித் திருப்பத்தில் வைத்தார்.

"என்ரை சப்பாத்து இண்டைக்குப் போகுது" என்றார் மாமா. "நான் நாளைக்குப் பின்னாலை வாறன்."

திங்கட்கிழமை காலை மாமா தலை குளித்து, சேட் போட்டு, மயிரைப் படிய வாரிக்கொண்டு கதவைத் திறந்தார். படித் திருப்பத்தில் ஒன்றுமில்லை. கழுவித் துடைத்த சிமெந்துத் தரை மட்டும்.

"அக்கா, பையை உள்ளை எடுத்தனீங்களே?"

அம்மா எடுக்கவில்லை. அப்பா எடுக்கவில்லை. நான் எடுக்கவில்லை. நிலவறையில் பார்த்தோம். சைக்கிள்களுக்குப் பின்னால் பார்த்தோம். அப்பா கட்டிலுக்குக் கீழே பார்த்தார், வெளியே வைத்த பையைக் கட்டிலுக்குக் கீழே! அம்மா அழத் தொடங்கினாள். அப்போது தெருவில் குப்பை லொறியின் உறுமல் கேட்டது. திங்கட்கிழமை குப்பை எடுக்கிற நாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாமா வீட்டுச் செருப்போடு படியில் பாய்ந்தார்.

நான் குசினி யன்னலில் நின்று பார்த்தேன். படிய வாரிய தலையும் வெள்ளைச் சேட்டும் வீட்டுச் செருப்புமாக மாமா லொறிக்குப் பின்னால் ஓடுகிறார். கையைக் காட்டுகிறார். பீற்றூட் சேற்றில் வழுக்கி விழுகிறார். எழும்பி ஓடுகிறார். லொறி நிலையத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்புகிறது, மாமாவும் திரும்புகிறார். அந்தப் பக்கம் வீடுகளுக்கு மேலால் ஆலையின் வெள்ளைப் புகை. இந்தப் பக்கம், எட்டேகாலுக்கு, ஒரு நொடி பிந்தாமல், சிவப்பு ரயில்.

உங்கள் அருமை ரயில். மணிக்கூட்டைத் திருத்தலாம் என்றீர்களே, அந்த ரயில்.

மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மேல்வீட்டுப் பெண்மணி. நிலையத்துக்குள் பாண் கடை, ஒரு சின்னப் பேக்கரி, வைத்திருப்பவர். விடியப்புறம் போய் மத்தியானம் திரும்புவார். முகமெல்லாம் சிரிப்பு. எங்கள் வீட்டில் ஜேர்மன் ஒழுங்காகப் பேசுவது நான்தான் என்பதால் என்னைப் பார்த்தே கேட்டார்: "உன் மாமாவுக்கு ரயில் கிடைத்ததா? பை நல்ல பத்திரமாக வந்து சேர்ந்தது என்று சொல்லு."

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். ஐந்து மணிக்கு வேலைக்கு இறங்கியபோது படியில் ஒரு பை நின்றதாம். பக்கப் பொக்கற்றில் எட்டேகால் ரயிலுக்கான ரிக்கற் தெரிந்ததாம். பாவம், களைத்துப்போய் வெளியே மறந்துவிட்டார் என்று நினைத்தாராம். படியில் ஒன்றும் வைக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். யாராவது முறைப்பாடு செய்தால் எங்களுக்குத்தான் கரைச்சல். அந்த நேரத்தில் மணியடித்துப் பிள்ளையை எழுப்ப மனம் வரவில்லை. எப்படியும் அவர் நிலையத்துக்குத்தானே வரப்போகிறார்? எனவே பையைத் தானே சுமந்துகொண்டுபோய் நிலைய அதிகாரியிடம் கொடுத்து, இன்னார் வருவார், கொடுங்கள் என்று சொல்லிவைத்தாராம். அதிகாரியும் பையை எட்டேகால் ரயில் நிற்கிற மேடையிலேயே, தன் கண்ணுக்கு முன்னால், மர வாங்கில் வைத்திருந்தாராம்.

இதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. வசனம் வசனமாக. பை ரயிலுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தது என்ற வசனம் வந்தபோது மாமா எழும்பிக் குளியலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார்.

"என்ன நடந்தது?" என்று பெண்மணி என்னைக் கேட்டார். ஏன் பையை வெளியே வைத்தோம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? ராகுவுக்கு ஜேர்மனில் என்ன சொல்? "வெளியே வைத்தால் நல்லது என்று அப்பா நினைத்தார்" என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார். பிறகு பெண்மணி தன் வீட்டிலிருந்து பட்டறைக்குத் தொலைபேசி எடுத்துக் கெஞ்சினார். வந்தவர்களுக்குள் ஆளை எடுத்தாயிற்று, வருந்துகிறோம் என்றார்கள். அவர் அழுதார். அதன் பிறகு சனிக்கிழமைகளில் மிஞ்சிய பாண் கொண்டுவந்து எங்கள் கதவுப்பிடியில் தொங்கவிட்டுப் போவார். படியில் வைக்க மாட்டார். அப்பா அந்தப் பாணைத் தொடவில்லை. மாமா தின்றார்.

அன்றைக்கு அப்பா சொன்ன ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. "பாத்தியே, ராகுகாலத்திலை நடந்ததை."

மாமா குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகத்தில் தண்ணீர் வழிந்தது. "ராகு இல்லை அத்தான். நீங்கள்."

அதோடு பேச்சு நின்றது. இரண்டு அறை வீட்டில், ஒரு குசினியில், ஒரு கட்டிலுக்கும் மற்றக் கட்டிலுக்கும் இடையில் ஒரு திரைச்சீலை மட்டும் இருந்த வீட்டில், இரண்டு வளர்ந்த ஆண்கள் கிழங்கு முடிந்த பிறகும் பேசவில்லை. "பிள்ளை, கொப்பரிட்டைச் சொல்லு, தேத்தண்ணி ஆறுது எண்டு." "பிள்ளை, மாமாட்டைச் சொல்லு, குளிக்கிறதெண்டால் இப்ப குளிக்கட்டாம்." அங்கேயும் நான்தான் மொழிபெயர்ப்பு. தமிழிலிருந்து தமிழுக்கு.

ஏன் இந்த மனிதர் இப்படி என்று அப்போது கொதித்தேன். வெகுகாலம் கழித்து, இங்கே மொன்றியலில், உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தபோது அம்மா சும்மா சொன்னாள். அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம். ஒரு நாள் காலை அவசரமாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவராம். அப்பாதான் போகச் சொன்னவராம், மருந்து வாங்க. தம்பியும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. தேடித் தேடி ஓய்ந்த பிறகு அப்பா ஒரு நாள் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்திருக்கிறார், அந்தக் காலை என்ன நேரம் என்று.

இதை எனக்கு ஏன் அப்போதே சொல்லவில்லை? மாமாவுக்கு ஏன் சொல்லவில்லை? எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் கதைப்பார்கள். அரிசி விலை, ரயில் நேரம், அடுத்த வீட்டுக் கலியாணம், எல்லாம். சொல்ல வேண்டியதை மட்டும் வாய்க்குள் வைத்துப் பூட்டுவார்கள். எனக்கு எரிச்சல் வராமல் என்ன வரும்?

மாமாவுக்கு மொன்றியலில் ஒரு கூட்டாளி இருந்தார். அவர் வழி பார்த்துக் கொடுத்தார். மாமா இங்கே வந்து டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றி இறக்கினார், முழங்கால் விடும்வரை. மற்றவர்களுடைய பைகளை நேரத்துக்கு அனுப்பி வைப்பது. சரக்குப் பெட்டியில் ஒரு ஆணிகூட அவர் திருத்தவில்லை. இப்போது ரொக்ஸ்பரோவில், தண்டவாளம் தெரிகிற வீடாகப் பார்த்து வாங்கி இருக்கிறார். அந்த நகரத்துக்கு மிகச் சிறந்த போக்குவரத்து இணைப்பாம் என்று போன கிழமை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஓம் பிள்ளை" என்றார். "பையளுக்கு நல்ல வசதி."

நானும் அம்மாவும் சில வருடங்கள் கழித்துத்தான் வந்தோம். அப்பா வரவில்லை. எல்லாப் பக்கமும் கோடு போட்ட அந்த நகரத்திலேயே, ஆலைப் புகை தெரிகிற ஆஸ்பத்திரிக் கட்டிலில், நாங்கள் வெளிக்கிட முதலே அவர் முடிந்துபோனார். அதற்கிடையில் அவரும் மாமாவும் தொலைபேசியில் கதைத்தார்கள்தான். "அங்கை குளிரே?" "இங்கையும் குளிர்தான்." அவ்வளவுதான். நேருக்கு நேர் கடைசியாகப் பேசியது நிலையத்தில்.

தை மாதம். மாமா புறப்படுகிற நாளும் ஒரு திங்கட்கிழமை, ரயிலும் அதே எட்டேகால். ஆலையின் குழாய் ஓய்ந்திருந்தது. அந்த மணமே இல்லாத நகரம் எனக்கு யாரோ முகத்தைக் கழற்றிவிட்ட மாதிரி இருந்தது. அப்பா அன்று காலை நாட்காட்டிக்குக் கிட்டப் போகவில்லை. கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். மாமா திரைச்சீலைக்கு இப்பால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு படியிறங்கினார். நானும் அம்மாவும் கூடப் போனோம்.

மேடையில் பனி தூறியது. பாண் கடைப் பெண்மணி கடையை விட்டு வெளியே வந்து, ஒரு பொட்டலத்தை மாமாவின் கோட்டுப் பையில் திணித்துவிட்டுப் போனார். சிவப்பு ரயில் நேரத்துக்கு வந்தது, வராமல் இருக்குமா? மாமா ஏறி வாசலில் நின்றார். அம்மா அவருடைய சேட்டுக் கழுத்தைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தாள்.

அப்போது பலகைப் பக்கத்தில் ஒரு உருவம் ஓடிவந்தது. கோட் இல்லை. தொப்பி இல்லை. வீட்டுச் செருப்பு. பனியில் ஒரு தரம் வழுக்கி, தூணைப் பிடித்து நிமிர்ந்து, மீண்டும் ஓடிவந்தது. அப்பா. நிலைய மணிக்கூட்டில் எட்டேகால், ராகுகாலத்தின் நட்ட நடு.

மாமா குனிந்தார். "என்ன அத்தான் இது, இந்த நேரத்திலை வெளிக்கிட்டு வந்திருக்கிறியள்?"

அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. ரயில் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ சொல்லியிருக்கலாம். தம்பியின் கதையைச் சொல்லியிருக்கலாம். கதவு மூடப்போகிறது என்று மணி அடித்தது.

"பை எங்கை, தம்பி?"

மாமா நீலப் பையை உயர்த்திக் காட்டினார்.

"கையிலைதான் இருக்கு, அத்தான்."